நம் பெட்டியில் இருப்பது நம் ஊர்த் தேனீதானா? மைட்டோகாண்ட்ரியா பரிசோதனை பற்றிய ஒரு கேள்விக்கு விரிவான பதில்

பண்ருட்டிக்கு அருகே முந்திரித் தோப்பில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் உள்ள கூட்டங்களில் சில, வேப்பமரப் பொந்திலிருந்தும் பழைய வீட்டுச் சுவரிலிருந்தும் பிடித்துப் பெட்டிக்கு மாற்றிய மஞ்சள் நிறத் தேனீக்கள். வேறு சில, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலிருந்து விலைக்கு வாங்கி வந்த கருநிறத் தேனீக்கள். இவை போதாதென்று, பக்கத்துத் தோப்பில் ஒருவர் பூக்கும் பருவத்துக்கு மட்டும் இத்தாலியத் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குகிறார். எல்லாம் கலந்து நம் ஊர்த் தேனீயே இல்லாமல் போய்விடுமோ என்பது அவர் கவலை. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பரிசோதனை செய்தால் எது தூய இனம் என்று தெரிந்துவிடும் என யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பணம் செலவிடலாமா என்று கேட்கிறார். கேள்வி பரிசோதனையைப் பற்றியதாகத் தோன்றினாலும், தன் பெட்டியில் இருப்பது எது, அதை எப்படிக் காப்பது என்ற இரண்டையும்தான் அவர் உண்மையில் அறிய விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பூச்சி மரபியல் படித்தவன். புதுச்சேரியில் பல ஆண்டுகளாக இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பராமரித்து வருபவன் என்ற அளவில்தான் என் பேச்சுக்கு மதிப்பு.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தோப்பின் இத்தாலியத் தேனீயால் உங்கள் தேனீயின் மரபணு கலப்படம் ஆகாது. நீங்களே விலைகொடுத்து வாங்கிவந்த மலைத்தொடர்ப் பக்கத்துக் கூட்டங்களால் ஆகலாம். மைட்டோகாண்ட்ரியா பரிசோதனை ஒரு கூட்டத்தின் தாய்வழியைச் சொல்லும்; தூய்மைக்குச் சான்று அது ஒருபோதும் தராது. ஏன் என்று புரிந்துகொள்வதற்குத் தேனீயின் பிறப்பு முறையிலிருந்து தொடங்க வேண்டும்.

உயிரணுவின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகிறது. உட்கருவுக்கு வெளியே, ஆற்றல் உற்பத்தி நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு சிறிய டிஎன்ஏ வளையம் இருக்கிறது. அது முட்டையின் வழியாக, தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தேனீயில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. ராணித் தேனீக்கும் பணித் தேனீக்கும் 32 குரோமோசோம்கள். கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கும் ஆண் தேனீக்கு 16 மட்டுமே. ஆண் தேனீக்குத் தந்தை கிடையாது. ஒரு ராணி தன் புணர்ச்சிப் பறத்தலில் பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களுடன் சேர்ந்து, அவற்றின் விந்தைத் தன் வாழ்நாள் முழுமைக்கும் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே பெட்டிக்குள் பல தந்தையரின் மகள்கள் கலந்து வேலை செய்கிறார்கள். ஆனால் அத்தனை பேருடைய மைட்டோகாண்ட்ரியாவும் அந்த ஒரே ராணியினுடையது. ஒரு பணித் தேனீயைப் பரிசோதித்தால் முழுக் கூட்டத்தின் தாய்வழி வகை தெரிந்துவிடுகிறது என்பதால்தான் ஆய்வாளர்களுக்கு இது இவ்வளவு வசதியான கருவியாக ஆனது. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் மட்டுமே கைமாறி வரும் நகையைப் போன்றது இது: எந்தப் பாட்டியின் வழி என்று அதைப் பார்த்துச் சொல்லலாம், அந்த வீட்டுக்குள் எந்த ஊர் மருமகன்கள் வந்தார்கள் என்று சொல்ல முடியாது.

இத்தாலியத் தேனீ அடங்கிய ஏபிஸ் மெல்லிஃபெரா சிற்றினத்தின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முழுவதும் 1993-இல் வாசிக்கப்பட்டது. அதன் நீளம் 16,343 கார இணைகள், அதாவது அத்தனை டிஎன்ஏ எழுத்துகள். புரதங்களுக்கான 13 மரபணுக்களும், கடத்தும் ஆர்என்ஏக்களுக்கான 22 மரபணுக்களும், ரைபோசோம் ஆர்என்ஏக்களுக்கான 2 மரபணுக்களும் அதில் உள்ளன. உட்கரு டிஎன்ஏவோடு ஒப்பிட்டால் இது மிகமிகச் சிறியது; ஆனால் ஓர் உயிரணுவுக்குள் நூற்றுக்கணக்கான படிகளாக இருப்பதால், உலர்ந்துபோன பழைய தேனீயிலிருந்தும், அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த மாதிரியிலிருந்தும்கூட எடுக்க முடிகிறது. ஆண், பெண் மரபுச் சேர்க்கையில் இது கலைந்து மறுசேர்க்கை ஆவதில்லை; எப்போதாவது நேரும் எழுத்து மாற்றங்கள் மட்டுமே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டு வருகின்றன. அந்த மாற்றங்களின் தொகுப்பைத்தான் ஹாப்லோடைப் என்கிறோம்.

ஆய்வகங்கள் பெரும்பாலும் இரண்டு பகுதிகளைப் பார்க்கின்றன. ஒன்று, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் முதல் மரபணுவின் ஒரு துண்டு. விலங்குச் சிற்றினங்களுக்கான பார்கோடு என்று சொல்லப்படுவது அதுவே. மற்றொன்று, அதே ஆக்சிடேஸின் முதல் மரபணுவுக்கும் இரண்டாம் மரபணுவுக்கும் இடைப்பட்ட பகுதி. மெல்லிஃபெராவில் இந்த இடைவெளி துணைச் சிற்றினங்களின் குடும்பத்துக்குக் குடும்பம் நீளம் மாறுகிறது. இத்தாலிய, கார்னியோலத் தேனீக்கள் அடங்கிய சி குடும்பத்தில் கியூ எனப்படும் துண்டு ஒன்று மட்டுமே உண்டு. மேற்கு ஐரோப்பியக் கருந்தேனீயின் எம் குடும்பத்திலும் ஆப்பிரிக்கத் தேனீக்களின் ஏ குடும்பத்திலும் அதற்கு முன்னால் பி வகைத் துண்டு ஒன்று நிற்கிறது, கியூ ஒன்று முதல் பலமுறை வரை திரும்ப வருகிறது. இந்தப் பகுதியைப் பெருக்கி, டிரா-1 என்னும் வெட்டு நொதியால் நறுக்கி, ஜெல்லில் ஓடவிட்டால் எந்தக் குடும்பம் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். 1990களின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பியப் பாதுகாப்புத் திட்டங்கள் இதை நம்பி நடந்தன. நம் இந்தியத் தேனீயில் அதே இடைவெளி மிகச் சிறியது, ஏறத்தாழ 100 கார இணைகள்; அதனால் நீளத்தைப் பார்த்துச் சொல்லும் அந்த எளிய முறை இங்கே செல்லாது, எழுத்து எழுத்தாக வாசித்துத்தான் ஆக வேண்டும். விலை குறைவான டிரா-1 பரிசோதனை செய்து இந்தியத் தேனீயின் துணைச் சிற்றினத்தைச் சொல்கிறேன் என்று யாராவது முன்வந்தால், அவர் எந்தத் தேனீயைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள்.

தாய்வழி டிஎன்ஏ எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்பதற்குச் சிறந்த சான்று அமெரிக்கக் கண்டத்தில் நடந்தது. 1956-இல் மரபியலாளர் வார்விக் கெர் ஆப்பிரிக்க ராணிகளைப் பிரேசிலுக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு சில கூட்டங்கள் தப்பிப் பறந்தன. அவற்றின் வழிவந்த தேனீக்கள் வடக்கே மெக்சிகோ வரை பரவியபோது எழுந்த கேள்வி இதுதான்: ஆப்பிரிக்க ஆண் தேனீக்கள் ஐரோப்பிய ராணிகளோடு சேர்ந்து கலப்பு பரவுகிறதா, அல்லது ஆப்பிரிக்கத் தாய்வழிக் கூட்டங்களே பிரிந்து பிரிந்து நிலம் பிடிக்கின்றனவா? 1989-இல் வெளிவந்த மைட்டோகாண்ட்ரியா ஆய்வுகள், காட்டில் வாழும் கூட்டங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கத் தாய்வழியே என்று காட்டின. யார் இடம்பெயர்ந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு இந்த டிஎன்ஏ துல்லியமாகப் பதில் சொல்லும். அதே போல 2007-இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் துறைமுகத்தில் ஆசியத் தேனீக் கூட்டம் ஒன்று பிடிபட்டபோது, அது ஜாவா வகை என்று அடையாளம் காண உதவியதும் இதுதான்.

ஆனால் உங்கள் கேள்வி, யார் எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்பது. அங்கே இது கைவிட்டுவிடுகிறது. மலைப்பக்கத்திலிருந்து நீங்கள் வாங்கிவந்த ராணியின் மகள் ஒன்று பண்ருட்டியில் பறந்து சென்று உள்ளூர் ஆண் தேனீக்களுடன் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மகள் ராணியும், பேத்தி ராணியும் அப்படியே உள்ளூர் ஆண்களுடனேயே சேர்ந்தால், மலைராணியின் உட்கரு மரபுப் பங்கு தலைமுறைக்குப் பாதியாகக் குறைந்து, ஐந்தாம் தலைமுறை மகளிடம் 32-இல் ஒரு பங்காகிவிடும். அந்தக் கூட்டம் உடலமைப்பிலும் குணத்திலும் ஏறக்குறைய முழுக்க உள்ளூர்த் தேனீ. மைட்டோகாண்ட்ரியா பரிசோதனையோ அதை நூற்றுக்கு நூறு மலைத்தேனீ என்று சொல்லும். இதைவிடக் கவலைக்குரியது மறுபக்கம். உங்கள் உள்ளூர் ராணிகள் ஆண்டுக்கு ஆண்டு மலைப்பக்க ஆண் தேனீக்களுடன் சேர்ந்துகொண்டே இருந்தால், சில ஆண்டுகளில் உள்ளூர் மரபு கரைந்து போய்விடும், மைட்டோகாண்ட்ரியா மட்டும் உள்ளூர் வகை என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆண் தேனீ தன் மைட்டோகாண்ட்ரியாவை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதில்லை. ஆகவே ஆண்வழிக் கலப்பு எவ்வளவு நடந்தாலும் இந்தச் சோதனையின் கண்ணுக்கு அது படாது. ஐரோப்பாவில் கருந்தேனீயைக் காக்க முயன்றவர்கள் எம் வகைத் தாய்வழி உள்ள கூட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு உட்கரு டிஎன்ஏவைப் பார்த்தபோது கணிசமான சி குடும்பக் கலப்பைக் கண்டது இதனால்தான்.

இனி, எதை நம் ஊர்த் தேனீ என்கிறோம் என்பது. பெட்டியில் வளரும் இந்தியத் தேனீயை ஏபிஸ் செரானா சிற்றினத்தின் இண்டிகா என்னும் துணைச் சிற்றினமாகவே பாடநூல்கள் சொல்லி வருகின்றன. காஷ்மீர், இமயமலைப் பகுதித் தேனீக்கள் உடல் பெரியவை. தெற்கே வரவரச் சிறியவை. தென்னிந்தியாவுக்குள்ளேயே சமவெளியின் மஞ்சள் வகை, மலையின் கருப்பு வகை என்று இரண்டு உண்டு என்பது தேனீ வளர்ப்போர் எல்லாரும் அறிந்தது. இந்த இரண்டும் வெறும் நிற வேறுபாடுகள் அல்ல, தமக்குள் இனச்சேர்க்கை தவிர்ப்பவையாக இருக்கலாம் என்று 2006-இல் ஓர் ஆய்வு முன்வைத்தது. இரண்டு வகைகளின் மைட்டோகாண்ட்ரியா வரிசைகள் வேறுபட்டன. அதைவிட முக்கியமாக, ஆண் தேனீக்கள் புணர்ச்சிக்குப் பறக்கும் நேரமும் வேறுபட்டது. 2022-இல் கேரள ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கருப்புத் தேனீயை ஏபிஸ் கரிஞ்ஞொடியன் என்ற புதிய சிற்றினமாகவே விவரித்து, சமவெளி மஞ்சள் தேனீக்கு 1798-இல் ஃபெப்ரீசியஸ் சூட்டிய ஏபிஸ் இண்டிகா என்ற பெயரையே தனிச் சிற்றினப் பெயராக மீட்க வேண்டும் என்றார்கள்.

இதில் எது உறுதி, எது விவாதத்துக்குரியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தென்னிந்தியத் தேனீக்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தாய்வழிகள் இருக்கின்றன என்பது உறுதி. மஞ்சளும் கருப்பும் வாழிடத்தில் பெரும்பாலும் பிரிந்திருக்கின்றன என்பதும் உறுதி. அவை இரண்டு சிற்றினங்களா, ஒரே சிற்றினத்தின் இரண்டு வடிவங்களா என்பதில் வகைப்பாட்டியலாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. மைட்டோகாண்ட்ரியா வரிசை வேறுபடுகிறது என்பதை மட்டும் வைத்துச் சிற்றினம் பிரிப்பதை நான் ஏற்பதில்லை; ஒரே சிற்றினத்துக்குள்ளும் பழைய தாய்வழிகள் பல தங்கி நிற்கலாம். ஆண் தேனீக்கள் பறக்கும் நேரம் வேறுபடுவதையே நான் வலுவான சான்றாகக் கருதுகிறேன், ஏனென்றால் அது கலப்பையே தடுக்கக்கூடியது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம். கூட்டுப்புழுப் பருவத்தில் வெப்பம் குறைந்தால் தேனீயின் நிறம் கருக்கிறது. மார்கழிக் குளிரில் வெளிவந்த பணித் தேனீயைப் பார்த்து மலைத்தேனீ கலந்துவிட்டது என்று பயப்படுவோரைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு சிற்றினங்கள் என்ற கருத்தே சரியென்று வைத்தால், உங்கள் தோப்பில் மலைப்பக்கக் கூட்டத்தால் கலப்பு குறைவாகவே நேரும். ஒரே சிற்றினம் என்றால் கலப்பு தங்குதடையின்றி நடக்கும். விடை தெரியும் வரை காத்திருக்க முடியாத இடத்தில், கலக்கும் என்று கொண்டு நடந்துகொள்வதே பாதுகாப்பு.

இத்தாலியத் தேனீயின் கதை வேறு. அது மெல்லிஃபெரா, நம்முடையது செரானா. 1962-இல் இமாசலப் பிரதேசத்தின் நக்ரோட்டா பக்வானில் அது இந்தியாவில் வெற்றிகரமாக நிலைபெற்றது. பின்னர்தான் தெற்கே வந்தது. இந்த இரண்டு சிற்றினங்களின் ஆண், ராணித் தேனீக்கள் ஒரே வானில் சந்தித்துக்கொள்ளக்கூடும், விந்தும் மாறலாம். ஆனால் அப்படிக் கருவுற்ற முட்டை வளர்ந்து தேனீயாவதில்லை. எனவே கலப்பினத் தேனீ என்று ஒன்று இந்தச் சேர்க்கையிலிருந்து வராது. கேடு வேறு வழிகளில் வரும்: நம் ராணி வீணான சேர்க்கையில் விந்துப் பையை நிரப்பிக்கொள்வது, பஞ்ச காலத்தில் இத்தாலியத் தேனீக்கள் சிறிய கூட்டத்தின் தேனைக் கொள்ளையடிப்பது, ஒரே பூவுக்குப் போட்டி, நோய்க்கிருமிகளின் பரிமாற்றம். இரண்டையும் பெட்டியருகே நின்றே பிரித்தறியலாம். வாசலில் சிறகடித்துக் காற்று வீசும் பணித் தேனீயைக் கவனியுங்கள்: இந்தியத் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து நின்று வீசும், இத்தாலியத் தேனீ தலையை வாசல் பக்கம் வைத்து நிற்கும். அடையை எடுத்துப் பார்த்தால், இந்தியத் தேனீயின் ஆண் அறை மூடிகள் கூம்பாக எழுந்து, உச்சியில் ஊசி குத்தியது போல ஒரு துளையோடு இருக்கும். இத்தாலியத் தேனீயில் அந்தத் துளை இல்லை. சிற்றினம் அறிய இவை போதும், டிஎன்ஏ தேவையே இல்லை.

உள்ளூர்த் தேனீயைக் காப்பதில் கூட்டங்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதே முதல் ஆபத்து என்று நான் சொல்வதற்கு மரபணுக் கலப்பு மட்டும் காரணமல்ல. 1990களின் தொடக்கத்தில், தாய்லாந்தின் பெயரால் ‘தாய் சாக்புரூட்’ எனப்படும், புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் புகுந்தபோது, கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. மார்த்தாண்டத்தில் தலைமுறையாகத் தேனீ வளர்த்தவர்கள் காலிப் பெட்டிகளை அடுக்கிவைத்த காலம் அது. இந்தியத் தேனீயைத் தாக்கும் நோய், இந்தியத் தேனீக் கூட்டம் ஏறிய வண்டியிலேயே பயணம் செய்யும். விலைக்கு வாங்கிய பெட்டியோடு வருவது ராணி மட்டும் அல்ல.

மற்ற நாடுகளில் எப்படிக் காக்கிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. டென்மார்க்கின் லேசோ தீவில் உள்ளூர்க் கருந்தேனீயைத் தவிர வேறு தேனீ வளர்க்க 1993-இல் தடை விதித்தார்கள். அது வழக்காகி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. தனித்தன்மை கொண்ட உள்ளூர் விலங்குத் தொகையைக் காப்பது உயிரினப் பன்மையைக் காப்பதே என்று 1998-இல் நீதிமன்றம் தடையை ஏற்றது. ஸ்காட்லாந்தின் கோலன்சே, ஓரன்சே தீவுகளிலும் கருந்தேனீக்காக 2013-இல் அதுபோன்ற ஆணை பிறந்தது. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவு, இத்தாலியின் லிகூரியத் தேனீக்காக 1885-இலேயே சட்டத்தால் காக்கப்பட்டது. ஸ்லோவேனியா தன் நாட்டிற்குள் கார்னியோலத் தேனீ ஒன்றையே அனுமதிக்கிறது. கடைசியைத் தவிர மற்றவை எல்லாம் தீவுகள் என்பதைக் கவனியுங்கள். ஆண் தேனீக்கள் சில கிலோமீட்டர் பறந்து, வானில் குறிப்பிட்ட இடங்களில் திரள்கின்றன. கடல்தான் அவற்றுக்கு வேலி. கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட சமவெளியில் அப்படி ஒரு வேலி கிடையாது. இங்கே தனிமைப்படுத்திக் காக்க முடியாது. சுற்றுவட்டாரத்தில் உள்ளூர் ஆண் தேனீக்களின் எண்ணிக்கையை வேறெதையும் மிஞ்சும்படி நிறைத்து வைப்பதுதான் நம்மால் ஆகக்கூடியது; அதற்குப் பல தோப்புக்காரர்கள் சேர வேண்டும்.

தூய இனம் என்ற சொல்லின்மேல் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. ஒரே நல்ல ராணியின் வழியை மட்டும் பெருக்கினால் மைட்டோகாண்ட்ரியா எல்லாப் பெட்டியிலும் ஒன்றாகிவிடும், காகிதத்தில் அது தூய்மையாகவே தெரியும். கூட்டமோ அழியத் தொடங்கும். தேனீயில் பாலினத்தை முடிவு செய்வது 2003-இல் அடையாளம் காணப்பட்ட சிஎஸ்டி என்னும் மரபணு. அதன் இரண்டு படிகளும் வெவ்வேறு வடிவமாக இருந்தால் பெண். இரண்டும் ஒரே வடிவமாக அமைந்தால், கருவுற்ற முட்டையிலிருந்தும் ஆண் புழு பிறக்கும். அந்தப் புழுவைப் பணித் தேனீக்கள் முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே தின்றுவிடுகின்றன. நெருங்கிய உறவில் சேர்க்கை நடந்த கூட்டத்தின் புழு அடையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: பழுப்பு மூடி வரிசை வரிசையாகப் பரவியிருக்க வேண்டிய இடத்தில், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காலி அறைகள் தெரியும், சில காலி அறைகளில் அப்போதுதான் இட்ட முட்டை இருக்கும், அதைச் சுற்றி மூடியிட்ட அறைகள். நோயிலும் அடை இப்படி ஓட்டை விழும். ஆனால் நோயில் செத்த புழுவோ, நிறம் மாறிய புழுவோ, நாற்றமோ இருக்கும். இங்கே அறை சுத்தமாக இருக்கும். இதைக் கண்டால் ராணியை மாற்றுங்கள், அதே பெட்டிக்காரரிடமிருந்து அல்ல, இதே வட்டாரத்தில் வேறு ஊரின் வேறு பொந்திலிருந்து பிடித்த கூட்டத்தின் ராணியால் மாற்றுங்கள். உள்ளூருக்குள் பன்மை என்பதே இலக்கு. பத்துப் பெட்டியில் ஐந்தாறு தாய்வழிகள் கலந்து இருப்பது குறை அல்ல, ஆரோக்கியம்.

நம் மாவட்டத்தில் இந்தப் பன்மை எங்கே தங்கியிருக்கிறது என்று கேட்டால், மரப்பொந்துகளில் என்பேன். 2011 டிசம்பர் 30 அன்று விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் வயதான பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பொந்து உண்டாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆன மரங்கள் அவை. மறுபடி நட்ட ஒட்டுக்கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. பொந்து மட்டும் இல்லை. அந்தப் புயலால் தேனீயின் மரபுப் பன்மை எவ்வளவு குறைந்தது என்பதை அளவிட முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகள் தேவை. எனவே பொந்துக் குறைவை மட்டுமே நான் உறுதியாகச் சொல்கிறேன். எஞ்சிய புகலிடங்களாக எனக்குத் தெரிபவை கோயில் காடுகள், ஏரிக்கரைப் பனைகள், புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகள், மின்பெட்டிகள். கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் போன்ற உலர் பசுமைமாறாக் காட்டுத் துண்டுகள் தேனீக்குப் பொந்தும் தருகின்றன, முந்திரி பூக்காத மாதங்களில் உணவும் தருகின்றன. அங்கிருந்து கூட்டங்களைப் பிடித்து வராதீர்கள். அவை விதைநெல், பிரிகூட்டமாகத் தாமே வெளியே வருபவற்றை மட்டும் எடுங்கள்.

பரிசோதனை தேவையே இல்லையா என்றால், தனி ஆளுக்குத் தேவையில்லை; வட்டாரம் முழுவதற்கும் சேர்ந்து செய்வதாக இருந்தால் மிகவும் தேவை. பண்ருட்டி முதல் மரக்காணம் வரை பல ஊர்களில், பெட்டியில் வைக்காத பொந்துக் கூட்டங்களிலிருந்து மாதிரி எடுத்தால், நம் கடலோரச் சமவெளியின் தாய்வழி வகைகள் எவை என்ற அடிப்படைப் படம் கிடைக்கும். பிறகு ஒரு புதிய வகை தலைகாட்டினால் அது வெளியூர்க் கூட்டம் என்று பிடித்துவிடலாம். அந்தக் கண்காணிப்பு வேலைக்கு மைட்டோகாண்ட்ரியாவைப் போல மலிவான கருவி வேறில்லை. கலப்பின் அளவை அறிய, உட்கரு டிஎன்ஏவில் வேறுபடும் இடங்களைப் பார்க்கும் மைக்ரோசாட்டிலைட் அல்லது எஸ்என்பி குறியீடுகள் வேண்டும். செலவின்றி முதல் சல்லடையாக உதவுவது சிறகு நரம்பு அளவீடு. ஒரு கூட்டத்துக்குச் சில பணித் தேனீக்களின் முன்சிறகைப் படமெடுத்து நரம்பு விகிதங்களைக் கணக்கிடலாம், கணினியில் செய்யக்கூடிய வேலைதான். இந்த மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் நம்புங்கள். மைட்டோகாண்ட்ரியா மட்டும் தனியாக ஒன்று சொன்னால் பொறுங்கள்.

மாதிரி எடுக்கும் முறையில்தான் பலரது பணம் வீணாகிறது. கூட்டத்துக்கு நான்கைந்து பணித் தேனீக்கள் போதும். ராணியைத் தொட வேண்டாம். 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலில் உயிரோடு போட்டு, ஒருநாள் கழித்து எத்தனாலை மாற்றிவிடுங்கள். ஃபார்மலின் கூடாது, அது டிஎன்ஏவைச் சிதைக்கும். ஆய்வகத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உட்கருவுக்குள் தாவிக் குடியேறிய மைட்டோகாண்ட்ரியாப் போலிப் படிகளை எப்படி விலக்குகிறீர்கள்? தேனீயின் உட்கரு டிஎன்ஏவில் அத்தகைய போலிகள் மிக அதிகம். அவற்றை உண்மை என்று வாசித்துவிட்டால் இல்லாத ஹாப்லோடைப் ஒன்று புதிதாகப் பிறந்துவிடும். புரதமாக மொழிபெயர்த்துப் பார்த்து இடையில் நிறுத்தக் குறி வருகிறதா என்று சோதிக்கிறோம் என்று சொன்னால் அவர்களுக்கு வேலை தெரியும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக யாராவது சொன்னால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள். சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையிடம் முதலில் கேட்பது நல்லது.

இனி உங்கள் பெட்டிகள். மலைப்பக்கத்துக் கூட்டங்களை அழிக்கவோ விற்கவோ வேண்டாம். விற்றால் சிக்கல் இன்னொரு தோப்புக்குப் போகும், அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை மாதம் கூட்டங்கள் பெருகும்போது, ஆண் அறைகள் தோன்றுவதற்கு முன்பே அந்தப் பெட்டிகளின் ராணியை எடுத்துவிட்டு, உங்கள் மஞ்சள் கூட்டங்களில் வலுவான இரண்டு மூன்றிலிருந்து முதிர்ந்த ராணி அறைகளை வெட்டி வையுங்கள். அந்தப் பெட்டியின் பணித் தேனீக்கள் தாமாக எழுப்பும் அவசர ராணி அறைகளை ஒரு வாரம் கழித்துக் கிள்ளி எறிய மறக்காதீர்கள். இல்லையென்றால் மலைராணியின் மகளே மறுபடி அரியணை ஏறும். பழைய பணித் தேனீக்கள் ஆயுள் முடிந்து மறைய இரண்டு மாதமாகும். அதற்குள் பெட்டி முழுவதும் உள்ளூர் ராணியின் மகள்களாகிவிடும், கூட்டமும் வீணாகாது. எந்தப் பெட்டிக்கு எந்தக் கூட்டத்தின் ராணி அறை போனது என்று பெட்டியின் மூடியிலேயே எழுதி வையுங்கள். இத்தாலியப் பெட்டிகள் வைக்கும் பக்கத்துத் தோப்புக்காரரிடம் பகை வேண்டாம்; முந்திரிப் பூ முடிந்து வேம்பு பூக்கும் வரை உள்ள இடைவெளியில் உங்கள் வாசல்களைக் குறுக்கி வைத்தால் கொள்ளை குறையும்.